பூத்து முடிந்த வசந்தகாலக் கிழங்குச் செடிகளை என்ன செய்வது?

துலிப், டாஃபொடில், ஹயசிந்த் போன்றவை பூத்து ஓய்ந்த பிறகு, பாத்தியில் சரிந்து கிடக்கும் இலைகளை உடனே வெட்டிவிடலாமா, கிழங்குகளைத் தோண்டி எடுத்து வைக்க வேண்டுமா, மண்ணிலேயே விட்டுவிட்டால் அடுத்த ஆண்டும் பூக்குமா என்பது கேள்வி. பல ஆண்டுகளாக நன்றாகப் பூத்துவந்த டாஃபொடில் கூட்டம் இந்த ஆண்டு வெறும் இலையாக நின்றுவிட்டது ஏன் என்றும் சேர்த்துக் கேட்கப்பட்டிருக்கிறது. இலைகளைப் பற்றிய விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெட்டாதீர்கள். பூ வாடியதிலிருந்து குறைந்தது ஆறு வாரமாவது அவற்றை அப்படியே விட்டுவையுங்கள். அவை தாமாகவே மஞ்சளாகி, மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிடும் நிலையை அடைந்த பிறகு அகற்றினால் போதும். மற்றக் கேள்விகளுக்கு எல்லாச் செடிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. துலிப்புக்கு ஏற்றது டாஃபொடிலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன.

இலையை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது கிழங்கின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். பேச்சு வழக்கில் கிழங்கு என்று சொன்னாலும், துலிப்பும் டாஃபொடிலும் ஹயசிந்தும் தாவரவியலில் குமிழம் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. ஒரு வெங்காயத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து பார்த்தவர்களுக்கு இது புதிதன்று: அடியில் வேர் விடும் தட்டையான ஒரு பகுதி, அதுதான் உண்மையான தண்டு, அதன்மேல் ஒன்றையொன்று போர்த்திய சதைப்பற்றுள்ள செதில்கள், நடுவில் ஒரு மொட்டு. சென்ற ஆண்டு இலைகள் வெயிலில் தயாரித்த மாவுப்பொருள் முழுவதும் அந்தச் செதில்களில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. குளிர்காலம் முடிந்தவுடன் மிகக் குறுகிய காலத்தில் இலை, தண்டு, பூ ஆகிய மூன்றையும் மேலே அனுப்பும்போது அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. எனவே பூ உதிரும் நாளில் மண்ணுக்கடியில் இருப்பது ஏறக்குறைய காலியான ஒரு களஞ்சியம். அதை மறுபடி நிரப்புவதற்குச் செடிக்குக் கிடைக்கும் அவகாசம் பூ உதிர்ந்ததற்கும் இலை காய்வதற்கும் இடையிலான ஒன்றரை அல்லது இரண்டு மாதங்கள்தாம்.

இதைத் தொழிலாகச் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. நெதர்லாந்தில் துலிப் கிழங்கு விளைவிக்கும் வயல்களில், பூக்கள் மலர்ந்து, நோயுற்ற செடிகளையும் வேறு வகைக் கலப்புகளையும் பார்த்துப் பிடுங்கி முடித்தவுடன், எந்திரத்தைக் கொண்டு பூத்தலைகளை மட்டும் கொய்து தள்ளிவிடுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணப் பட்டைகளாகத் தெரியும் வயல் சில மணி நேரத்தில் வெறும் பச்சையாகிவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கு அது வருத்தமான காட்சியாக இருக்கலாம். அந்த விவசாயிக்கோ பூ ஒரு பொருட்டே இல்லை, மண்ணுக்குள் பருக்க வேண்டிய கிழங்குதான் அவர் விற்கப்போகும் சரக்கு. தலையைக் கொய்யும் அதே எந்திரம் இலையைத் தொடாதபடி உயரம் அமைக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு பல வாரங்கள் இலைகள் வெயிலில் வேலை செய்த பின்னரே, கோடையில், அறுவடை நடக்கும். வீட்டுத் தோட்டத்தில் நாம் செய்ய வேண்டியதும் இதன் சிறிய வடிவமே.

வாடிய பூவை அகற்றும்போது இதழ்களுக்கு அடியில் பருத்து நிற்கும் சூல்பையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். பூத்தண்டை அப்படியே நிற்க விடலாம், ஏனெனில் அதுவும் பச்சையாக இருக்கும்வரை உணவு தயாரிக்கிறது. துலிப்பில் இது முக்கியம். அது விதை கட்டத் தொடங்கினால் கிழங்குக்குப் போக வேண்டிய உணவின் ஒரு பங்கு விதைக்குப் போய்விடும். அந்த விதையை முளைக்க வைத்துப் பூ பார்ப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதால் அதனால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உதிர்ந்த துலிப் இதழ்கள் இலைக்கக்கங்களில் ஒட்டிக்கொண்டு ஈரத்தில் அழுகிப் பூஞ்சையை வளர்க்கும் என்பதும் அவற்றை விரைவில் அப்புறப்படுத்துவதற்கு இன்னொரு காரணம். பெரிய பூக்களையுடைய கலப்பின டாஃபொடில்கள் பெரும்பாலும் அதிகமாக விதை கட்டுவதில்லை. நூற்றுக்கணக்கில் நட்டிருப்பவர் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டு நாளைக் கழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பத்துப் பன்னிரண்டு செடிகள் இருந்தால் கிள்ளிவிடுங்கள், அவ்வளவுதான். ஹயசிந்தில் பூங்கொத்தின் சிறு பூக்களை மட்டும் கையால் உருவி எடுத்துவிட்டுத் தண்டை விட்டுவிடலாம்.

இதற்கு நேர்மாறாக, ஸ்னோட்ராப், சில்லா, மஸ்காரி, குரோக்கஸின் இயற்கைச் சிற்றினங்கள் ஆகியவற்றின் வாடிய பூக்களைத் தொடவே கூடாது. இவை விதை விழுந்து தாமாகவே பரவுவதுதான் இவற்றின் அழகு. ஸ்னோட்ராப், சில்லா விதைகளில் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு சிறு சதைப்பகுதி ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையை இழுத்துச் சென்று, சதையை உண்டுவிட்டு, விதையைத் தம் புற்றருகே எறிந்துவிடும். நாம் நடாத மூலையில் சில ஆண்டுகள் கழித்து ஒரு ஸ்னோட்ராப் முளைத்து நின்றால் அதை நட்டது அனேகமாக எறும்புதான். மஸ்காரி மட்டும் சிறிய தோட்டத்தில் அளவுமீறிப் பரவக்கூடியது. அது பிடிக்காதவர்கள் அதன் விதையை விழவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இலைகளுக்கு வருகிறேன். மஞ்சளாகத் தொடங்கிய டாஃபொடில் இலைகளை முடிச்சுப் போடுவதும், பின்னலாகப் பின்னி வைப்பதும், ரப்பர் வளையத்தால் கட்டுவதும் ஒரு காலத்தில் ஒழுங்கான தோட்டக்காரரின் அடையாளமாகக் கருதப்பட்டன. நானும் தொடக்கத்தில் ஒரு வரிசை முழுவதையும் பொறுமையாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பார்க்க மிக நேர்த்தியாகத்தான் இருந்தது. கட்டிய இலையில் வெயில் படும் பரப்புக் குறைகிறது, மடிந்த இடத்தில் நாளங்கள் நசுங்குகின்றன, உள்ளே காற்றோட்டமின்றி ஈரம் தங்குகிறது. ஆக வெட்டுவதால் வரும் கேட்டில் பாதி கட்டுவதாலும் வந்துவிடுகிறது. அடுத்த வசந்தத்தில் அந்த வரிசையின் பூக்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைந்திருந்ததைப் பார்த்த பிறகு நான் அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

கண்ணுக்கு உறுத்தும் இலைகளை மறைப்பதற்குச் சரியான வழி, அவற்றைச் சுற்றி வேறு செடிகளை வளரவிடுவது. டேலில்லி, ஹோஸ்டா, பெரணிகள், பல்லாண்டு ஜெரேனியம் போன்றவை கிழங்குச் செடிகள் பூக்கும்போது தரையோடு இருக்கும். அவை ஓயும்போது இவை இலை விரித்து எழும். கிழங்குகளைப் பாத்தியின் முன்விளிம்பில் நடாமல் நடுவிலோ பின்னாலோ நட்டால் பிரச்சினை பாதியாகக் குறையும். அலியம் எனப்படும் அலங்கார வெங்காய வகைகளில் இலைகள் பூ மலரும்போதே காயத் தொடங்கிவிடுவதால், அவற்றை நடும்போதே அடியை மறைக்கும் வேறு செடிக்கு இடம் ஒதுக்குவது நல்லது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: துலிப் இருக்கும் பாத்தியில் தினமும் தண்ணீர் கேட்கும் கோடைப் பூச்செடிகளை நட்டால், உறக்கத்தில் இருக்கும் துலிப் கிழங்கு ஈரத்தில் அழுகிவிடும்.

தண்ணீரும் உரமும் இலை பச்சையாக இருக்கும் நாள்களுக்கு மட்டும் உரியவை. பூ முடிந்துவிட்டதே என்று பலர் அன்றோடு நீர் ஊற்றுவதை நிறுத்திவிடுகிறார்கள். மழையில்லாத வசந்தத்தில் இதுவே மறு ஆண்டுப் பூவைக் கெடுக்கும் பெரிய காரணம். மண் காய்ந்தால் வாரம் ஒருமுறை வேர்மட்டம் வரை நனையும்படி நீர் விடுங்கள். உரத்தில் சாம்பல் சத்து மிகுந்ததாகவும் தழைச்சத்து குறைந்ததாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தக்காளிச் செடிக்கென விற்கப்படும் திரவ உரம் இதற்குப் பொருத்தமானது. தழைச்சத்து மிகுந்தால் இலை தழைத்து வளரும். கிழங்கு மென்மையாகி, அடி அழுகல் நோய்க்கு இடம்கொடுக்கும். தொட்டிச் செடிகளுக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரவ உரம் கொடுக்கலாம். மட்கு நிறைந்த பாத்தியில் உள்ளவற்றுக்கு, இலை முளைக்கும் காலத்தில் ஒருமுறையும் பூ முடிந்தவுடன் ஒருமுறையும் இட்டால் தாராளம். இலை நுனி மஞ்சளாகத் தொடங்கியதும் இரண்டையும் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும். அப்போது வேர்களும் மடியத் தொடங்கிவிடுவதால், இடும் உரத்தை உறிஞ்ச அங்கே யாரும் இல்லை.

துலிப்பும் டாஃபொடிலும் எங்கே வேறுபடுகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டாஃபொடிலின் குமிழம் பல ஆண்டுகள் வாழ்வது. நடுவில் புதிய செதில்கள் தோன்றத் தோன்ற வெளிச் செதில்கள் காய்ந்து தாளாகின்றன. பக்கத்தில் சேய்க்கிழங்குகள் பிரிந்து கூட்டமாகப் பெருகுகின்றன. துலிப்பின் வாழ்க்கை வேறு விதமானது. சென்ற ஆண்டு நட்ட துலிப் கிழங்கு பூத்து முடிந்தவுடன் முழுவதும் கரைந்து மறைந்துவிடுகிறது. அதன் செதில்களின் கக்கங்களில் தோன்றிய புதிய சேய்க்கிழங்குகள்தாம் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. நிலைமை சாதகமாக இருந்தால் அவற்றில் ஒன்று பெரியதாக வளர்ந்து மறு ஆண்டு பூக்கும். சாதகமாக இல்லாவிட்டால் ஒன்றுக்குப் பதிலாக மூன்று நான்கு சிறு கிழங்குகள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றும் ஒற்றை அகன்ற இலையை மட்டும் விட்டு, பூவின்றி நிற்கும். கிழங்கின் சுற்றளவு ஏறக்குறைய 10 செ.மீ. வந்தால்தான் பெரும்பாலான தோட்டத் துலிப்கள் நம்பிக்கையாகப் பூக்கும்.

துலிப் இனங்களின் தாயகம் நடு ஆசியாவின் தியன்ஷான், பாமீர் மலைச்சரிவுகளும் அவற்றை ஒட்டிய பகுதிகளும். கடுங்குளிர், ஈரமான குறுகிய வசந்தம், சுட்டெரிக்கும் வறண்ட கோடை என்பதுதான் அங்குள்ள பருவச் சுழற்சி. தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் நெதர்லாந்தின் லைடன் நகரத் தாவரத் தோட்டத்தில் 1593-ல் துலிப்பை நட்ட காலம் தொட்டு, பூவின் வடிவத்துக்கும் நிறத்துக்கும்தான் அது பெருக்கப்பட்டதே தவிர, ஒருவருடைய பாத்தியில் இருபது ஆண்டுகள் நிலைப்பதற்காக அல்ல. எனவே கோடையில் மழை பெய்யும் ஊரில், களிமண் பாத்தியில், இதழடுக்குத் துலிப்பையும் கிளித்துலிப்பையும் நட்டுவிட்டு ஆண்டுதோறும் பூக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. நெதர்லாந்தின் கோய்கன்ஹோஃப் பூங்காவில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகளை நடுகிறார்கள்; காட்சி முடிந்ததும் அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டு, மறு ஆண்டுக்குப் புதியவற்றையே நடுகிறார்கள். தொட்டியில் வளர்த்த ஆடம்பரத் துலிப்களைப் பூத்தவுடன் மட்குக் குழியில் போடுவதற்கு நானும் இப்போதெல்லாம் தயங்குவதில்லை. நிலைத்திருக்கும் துலிப் வேண்டுமென்றால் டார்வின் கலப்பின வகைகளையும், கௌஃப்மன்னியானா, ஃபாஸ்டெரியானா பிரிவுகளையும், அவற்றைவிட மேலாக தார்தா, துர்கெஸ்தானிகா, குளூசியானா, சில்வெஸ்ட்ரிஸ் போன்ற இயற்கைச் சிற்றினங்களையும் நடுங்கள். வெயில் நன்றாகப் படுகிற, நீர் தேங்காத இடமாகப் பார்த்து, வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக, 20 செ.மீ. அளவில் நட்டால் கிழங்கு சிதறிப் பிரிவதும் குறையும்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. டாஃபொடில் தன் மறு ஆண்டுப் பூமொட்டை, இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே, மண்ணுக்குள் உருவாக்கத் தொடங்கிவிடுகிறது. துலிப்பும் ஹயசிந்தும் இலை காய்ந்து உறங்கும் கோடைக்காலத்தில்தான் மொட்டை உருவாக்குகின்றன. ஆகவே டாஃபொடிலுக்குப் பூத்த பின் வரும் வாரங்களின் ஈரமும் வெளிச்சமும் உயிர்நாடி. துலிப்புக்கு அந்த வாரங்களோடு, அடுத்து வரும் கோடையின் வெப்பமும் வறட்சியும் கூடக் கணக்கில் வரும்.

ஹயசிந்த் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதை மண்ணில் விட்டுவிட்டால் பல ஆண்டுகள் வரும். முதல் ஆண்டின் கனத்த பூங்கொத்து மட்டும் திரும்பாது, பூக்கள் குறைந்து இடைவெளி விட்டு நிற்கும். முட்டுக் கொடுக்காமலே நிமிர்ந்து நிற்கிறது என்பதால் எனக்கு அந்த இரண்டாம் ஆண்டுக் கோலமே அதிகம் பிடிக்கிறது. குரோக்கஸ் குமிழமன்று, கந்தம்; அதாவது செதிலடுக்கு இல்லாமல் திரண்டு பருத்த தண்டு. பழைய கந்தத்தின் தலைமேல் ஆண்டுதோறும் புதியது ஒன்று உருவாகும். அதைத் தோண்ட வேண்டிய தேவையே இல்லை. ஐரிஸ் ரெட்டிகுலாட்டா பூத்த பின் அரிசிமணி போன்ற சிறு கிழங்குகளாக உடைந்துபோகும் குணமுடையது. மறு ஆண்டு அது பூக்காவிட்டால் அதற்கு உங்கள் பராமரிப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

ஸ்னோட்ராப் தனியாகச் சொல்லத்தக்கது. பெரும்பாலான கிழங்குச் செடிகளை உறக்கத்தில்தான் இடம் மாற்ற வேண்டும். துலிப், டாஃபொடில், ஹயசிந்த் ஆகியவற்றின் வேர்கள் கிளைப்பதில்லை, அறுந்தால் அந்தப் பருவத்தில் மீண்டும் வளர்வதும் இல்லை. ஸ்னோட்ராப்பின் கிழங்கோ மிகச் சிறியது, மெல்லிய தோலுடையது. தோண்டி உலர்த்தி வைத்தால் சுருங்கி இறந்துவிடும். அதனால் அதைப் பூத்து முடிந்தவுடன், இலை பச்சையாக இருக்கும்போதே கூட்டத்தைப் பிரித்து, வேர் காய்வதற்குள், முன்பிருந்த அதே ஆழத்தில் நட்டு நீர் ஊற்றுவது வழக்கம்.

புல்தரையில் நட்டவற்றுக்கும் ஆறு வார விதி பொருந்தும். அதுவரை அந்தப் பகுதியில் புல்வெட்டியை ஓட்டக் கூடாது. குரோக்கஸ் முன்னதாகவே ஓய்ந்துவிடுவதால் அங்கே விரைவில் வெட்டத் தொடங்கலாம். பாம்புத்தலைப் பூ என்று அழைக்கப்படும் ஃபிரிட்டில்லாரியா மெலியாக்ரிஸ் விதை மூலம் பரவ வேண்டுமானால், காய் முற்றி வெடிக்கும் வரை, அதாவது கோடையின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டும்.

இனித் தோண்டுவதைப் பற்றி. நிறைவாகப் பூத்துவரும் டாஃபொடில், குரோக்கஸ், மஸ்காரி, சில்லா, ஸ்னோட்ராப் எதையும் தோண்டத் தேவையில்லை. கோடையில் ஈரமாக இருக்கும் மண்ணிலுள்ள துலிப்பையும், அந்த இடம் வேறு செடிக்குத் தேவைப்படும்போது மற்றவற்றையும் தோண்டலாம். இலையில் மூன்றில் இரண்டு பங்கு காய்ந்த பின், ஆனால் இலை முற்றிலும் மறைந்து இடம் தெரியாமல் போவதற்கு முன், எடுப்பதுதான் சரியான நேரம். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பற்கள் கொண்ட மண்கிளறியை இறக்கி, அடியிலிருந்து நெம்பி எடுங்கள். மண்வெட்டியால் எடுத்தால் பெரிய கிழங்காகப் பார்த்து வெட்டுப்படும், அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாத்தி உடனே தேவைப்பட்டு, இலை இன்னும் பச்சையாக இருந்தால், வேரோடும் மண்ணோடும் பெயர்த்தெடுத்து, ஓர் ஒதுக்குப்புறத்தில் ஆழமற்ற வாய்க்கால் தோண்டி அதில் சாய்த்து வைத்து, மண் மூடி நீர் விட்டு, அங்கேயே காய விடலாம். இதில் சேதம் உண்டு என்றாலும், இலையை வெட்டிவிட்டுத் தோண்டுவதைவிடச் சேதம் குறைவு.

தோண்டிய கிழங்குகளைக் கழுவாதீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒற்றை அடுக்காகப் பரப்பிச் சில நாள்கள் உலரவிட்டு, ஒட்டிய மண்ணையும் காய்ந்த வேரையும் பழைய தோலையும் கையால் உதிர்த்துவிடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் வெந்துவிடும். மென்மையாக இருப்பவை, பூசணம் பிடித்தவை, புளித்த வாடை வருபவை ஆகியவற்றை இரக்கமின்றித் தூர எறியுங்கள்; புளித்த வாடை ஃபியூசேரியம் பூஞ்சையின் அடையாளம். அப்படி நோயுற்ற ஒரு துலிப் கிழங்கு எத்திலீன் வாயுவை வெளிவிடும். அந்த வாயு, அருகிலுள்ள நலமான கிழங்குகளுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பூமொட்டைக் கருகச் செய்யும். பழுக்கும் பழங்கள் இருக்கும் இடத்தில் கிழங்குகளை வைக்கக் கூடாது என்பதற்கும் இதே எத்திலீன்தான் காரணம். நலமானவற்றைப் பெரியது சிறியது என்று பிரித்து, வலைப்பையிலோ காகிதப் பையிலோ இட்டு, வகையின் பெயரை எழுதி, 18 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை ஆகாது. பெயர் எழுதி வைப்பது ஒழுங்குக்காக மட்டும் அன்று: டாஃபொடில் கிழங்கு வெங்காயத்தைப் போலவே இருக்கும், அதில் லைக்கோரின் என்ற நச்சு இருக்கிறது, சமையலில் தவறிச் சேர்த்துக் கடும் வாந்தியில் அவதிப்பட்டவர்கள் உண்டு. சமையலறையிலிருந்தும் குழந்தைகள், நாய்களிடமிருந்தும் அதைத் தள்ளி வையுங்கள். ஹயசிந்த், துலிப் கிழங்குகளைக் கையாளும்போது சிலருக்குத் தோல் அரிப்பு வரும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

மீண்டும் நடும் காலத்திலும் வேறுபாடு உண்டு. டாஃபொடில் வேர் விடுவதில் அவசரக்காரர் என்பதால் கோடை முடிந்தவுடன், வட அரைக்கோளத்தில் செப்டம்பரில், நட்டுவிட வேண்டும். துலிப்பை மண் நன்றாகக் குளிர்ந்த நவம்பரில் நடலாம். அதனால் துலிப் தீ எனப்படும் பொட்ரைட்டிஸ் பூஞ்சை நோயின் அபாயம் குறைகிறது. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் இந்த மாதங்களோடு ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆழம் கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. சிறு கிழங்குகளைத் தனியே ஓர் ஓரத்தில் நட்டு வளர்த்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும் அளவை எட்டக்கூடும்.

இலை காயும் இந்தப் பருவத்தில் நோயும் பூச்சியும் கண்ணில் படும் என்பதால் சற்று உற்றுப் பாருங்கள். துலிப் இலை முறுக்கி, வெந்தது போலக் கருகி, சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தால் அதுதான் துலிப் தீ. அந்தச் செடியைக் கிழங்கோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று ஆண்டுகள் துலிப் நடாதிருங்கள். டாஃபொடிலுக்கு நார்சிஸஸ் ஈ என்ற ஒரு பகைவன் உண்டு. பார்ப்பதற்குச் சிறிய வண்டுத்தேனீயைப் போலிருக்கும் இந்த ஈ, கோடைத் தொடக்கத்தில், காயும் இலைகளின் அடியில் முட்டையிடும். புழு மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கின் அடித்தட்டு வழியே நுழைந்து நடுப்பகுதியைத் தின்றுவிடும். இலை காய்ந்து சுருங்கும்போது மண்ணில் கிழங்கு வரை ஒரு துளை ஏற்படுகிறதல்லவா, காய்ந்த இலையை அகற்றியவுடன் அந்தத் துளையை மண் தள்ளி மூடி அழுத்திவிடுவதே வீட்டுத் தோட்டத்தில் செய்யக்கூடிய எளிய தடுப்பு. தோண்டும்போது கழுத்துப் பகுதி அமுங்கினால், உள்ளே கொழுத்த ஒற்றைப் புழு இருக்க வாய்ப்பு அதிகம். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையங்கள் தெரிந்தால் அது நூற்புழுவின் வேலை. வணிக விவசாயிகள் இதற்குச் சுமார் 44 பாகை செல்சியஸ் சுடுநீரில் மூன்று மணி நேரம் கிழங்குகளை ஊறவைக்கிறார்கள். வீட்டில் அந்த வெப்பத்தை மாறாமல் வைத்திருப்பது கடினம், அழித்துவிடுவதே மேல்.

தொட்டியில் பூத்தவற்றை வெயிலான ஓர் ஒதுக்கிடத்துக்கு நகர்த்தி, மேலே சொன்ன நீரும் உரமும் கொடுத்துக் காயவிடுங்கள். டாஃபொடில், மஸ்காரி போன்றவற்றை அதன்பின் தோட்டத்து மண்ணுக்கு மாற்றிவிடலாம். வீட்டுக்குள் கதகதப்பில் வைத்து முன்கூட்டியே பூக்கச் செய்த ஹயசிந்த் மறுமுறை அப்படிப் பூக்காது. தோட்டத்தில் நட்டால் ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சுமாராகப் பூக்கும். மண்ணின்றி, வெறும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையில் வளர்ந்தது தன்னிடமிருந்த எல்லாவற்றையும் செலவழித்துவிட்டது. அதைக் காப்பாற்றும் முயற்சி பெரும்பாலும் வீண்.

குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலப் பகுதிகளில் இருப்பவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். துலிப்புக்கு 9 பாகை செல்சியஸுக்குக் கீழே 12 முதல் 16 வாரக் குளிர்ச்சி தேவை. குளிர்பதனப் பெட்டியில் பழங்களிலிருந்து தள்ளி வைத்து அதைக் கொடுத்து, ஒருமுறை பூக்கச் செய்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. வெப்பத்தில் இலை சில வாரங்களிலேயே காய்ந்துவிடுவதால் சேய்க்கிழங்கு பருக்க நேரம் கிடைப்பதில்லை. எவ்வளவு பராமரித்தாலும் அடுத்த பூ வருவது அரிது. அங்கே துலிப்பை ஒருமுறை பூக்கும் செடியாகவே கருதி வாங்குங்கள். குளிர்காலம் மிதமாக இருக்கும் இடங்களில், கொத்தாகப் பூக்கும் தாசெட்டா வகை நார்சிஸஸ்களுக்குக் குளிர்ச்சித் தேவை மிகக் குறைவு என்பதால் அவை நிலைக்கக்கூடும்.

பூக்காமல் போன அந்த டாஃபொடில் கூட்டத்துக்கு இப்போது வரலாம். பல ஆண்டுகள் நன்றாகப் பூத்த பிறகு நின்றுவிட்டது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது: அனேகமாக நெரிசல். ஓரிடத்தில் ஒரு கிழங்காக நட்டது இருபதாகப் பெருகி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, எதுவும் பூக்கும் அளவை எட்டாமல் நிற்கும்; இலைகள் ஒல்லியாகவும் மிக அடர்த்தியாகவும் இருந்தால் இதை உறுதிசெய்துகொள்ளலாம். சென்ற ஆண்டு யாராவது இலையை முன்கூட்டியே வெட்டினார்களா, வசந்தத்தின் பிற்பகுதி வறண்டிருந்ததா, மேலே இருக்கும் மரம் வளர்ந்து நிழல் கூடிவிட்டதா என்பவற்றையும் எண்ணிப் பாருங்கள். மொட்டை மூடியிருக்கும் மெல்லிய உறைக்குள் மொட்டு உருவாகி, விரியாமல் காகிதம்போல் உலர்ந்திருந்தால் அது நெரிசல் அன்று. மொட்டு உருவான பின் நீர் போதாமையே அதற்குப் பெரும்பாலும் காரணம். நெரிசல் என்றால், இலை காயும்வரை நீரும் உரமும் கொடுத்துவிட்டு, கூட்டத்தைத் தோண்டி, தாமாகப் பிரிபவற்றை மட்டும் பிரித்து, 15 செ.மீ. ஆழத்தில், ஒன்றுக்கொன்று இரண்டு கிழங்கு அகலம் இடைவெளி விட்டு நடுங்கள். முதல் வசந்தத்தில் சில மட்டுமே பூக்கும், இரண்டாவதில் தேறிவிடும்.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. இலைகள் முழுவதும் மறைவதற்குள் ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் ஒரு சிறு குச்சியை நட்டு, வகையின் பெயரையும், அது பூத்ததா இல்லையா என்பதையும் எழுதி வையுங்கள். பாத்தியைப் பூவோடு எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள். இலையுதிர்காலத்தில் வெறும் மண்ணாகத் தெரியும் அந்த இடத்தில் புதிய கிழங்கு நடுவதற்காகக் களைக்கொத்தை ஓங்கும்போது, அடியில் உறங்கிக்கொண்டிருக்கும் பழையவை எங்கே இருக்கின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேறெதுவும் இருக்காது.